விளக்கெண்ணெய் வாடை

ராயபுரத்து எண்ணெய் வியாபாரி வேதமாணிக்கத்தின் வாசலில் நின்ற மோரிஸ் காருக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். மகள் தங்கபுஷ்பத்தை ஒன்பது மணிக்குள் திருவொற்றியூர் தேவாலயத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். சொந்தக் காரில் மணப்பெண்ணை அனுப்பும் முதல் வீடு தம்முடையது என்று ஒரு வாரமாகவே அவர் தெருவில் நிமிர்ந்து நடந்தார்.

பெண்ணை அழைக்க வந்திருந்த சம்பந்தி தவசிமுத்து குனிந்து பார்த்தார்.

"என்ன சம்மந்தி, உம்ம வண்டிக்கு மூத்திரம் அடக்க முடியலியோ?"

தெரு சிரித்தது. வேதமாணிக்கம் புது வேட்டியோடு மண்டியிட்டு, ஈரத்தைத் தொட்டு முகர்ந்தார்.

"விளக்கெண்ணெய்! நேத்து டிக்கியில டின் ஏத்துனேன், அது சிந்தியிருக்கு. முப்பது வருசமா எண்ணெய் அளக்கிறவன் மூக்கு பொய் சொல்லுமா? பொண்ணை ஏறச் சொல்லுங்க."

வண்டி ஓட்ட வந்திருந்த மோட்டார் பட்டறைக்காரர் தமீம் நகரவில்லை.

"மூக்கு கரீட்டு மொதலாளி. ஆனா டிக்கி காஞ்சி கீது. ஈரம் பின்சக்கரத்தாண்ட கீது. ஏறி பிரேக்கை மிதிங்க."

தமீம் சக்கரத்தடியில் பழைய பேப்பரை விரித்தார். வேதமாணிக்கம் மிதித்தார். பெடல் சேற்றில் கால் வைத்ததுபோலத் தரைவரை இறங்கியது. பேப்பரில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. இறங்கி வந்து முகர்ந்தார், அதே வாடை. தமீம் அவர் காதோரம் குனிந்தார்.

"பிரேக் எண்ணெயே வெளக்கெண்ணெயில ஸ்பிரிட்டு கலந்து பண்றதுதான் மொதலாளி. தண்டையார்பேட்டையில மாட்டுவண்டி குறுக்க வந்தா இன்னா பண்றது?"

தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. தமீம் கேட்டது வேறு யார் காதிலும் விழவில்லை. டின் சிந்தியது என்றே சொல்லி மகளை ஏற்றிவிடலாம். வேதமாணிக்கம் வாசற்படியில் நின்ற தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். பிறகு முதுகை நிமிர்த்தி, கடைசி வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சம்மந்தி, நான் சொன்னது தப்பு. பிரேக் ஒழுகுது. என் மக இதுல வரமாட்டா."

தவசிமுத்துவின் சிரிப்பு நின்றது.

"கார்ல வந்தாத்தான் மருமகளாக்கும்? நான் வந்த ஜட்கா வண்டி நிக்குல்லா, ஏறச் சொல்லும்."

"சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளை இந்தக் கார்லதான் வரணும், தமீம் பாய்," என்றார் வேதமாணிக்கம்.

"பிரேக் ரப்பரு மாத்திட்டா ராஜா மாதிரி வரும், மொதலாளி."

தங்கபுஷ்பம் ஏறி உட்கார்ந்ததும் ஜட்காக் குதிரை காலை அகட்டித் தெருவை நனைத்தது.

"இது எங்கேருந்து ஒழுகுதுன்னு பார்க்க என் மூக்கு வேண்டாம், சம்மந்தி," என்றார் வேதமாணிக்கம்.

முதலில் சிரித்தவள் மணப்பெண்.