சுற்றுவழி

“சாவி அவங்க இடுப்புலதான் இருக்கு. நான் கழட்டல.”

“குளிப்பாட்டும்போதே கழட்டியிருக்கலாம்ல?”

“உங்க அக்காதானே, நீங்களே கழட்டுங்க. உயிரோட இருந்தப்ப யாராவது கழட்ட முடிஞ்சுதா?”

கவ்ரிலா பெட்டிப் பக்கம் திரும்பினான். அறையின் நடுவே நீள மேஜையில் சவப்பெட்டி இருந்தது. அதற்குள் அவனுடைய அக்கா தோம்னிக்கா, ஞாயிற்றுக்கிழமை உடையில், கைகளைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். இடுப்புப் பக்கம் துணி சற்றே மேடிட்டிருந்தது. அந்த மேட்டின் மேல் காய்ந்த துளசிக் கொத்தை வைத்து மறைத்திருந்தாள், குளிப்பாட்டிய பக்கத்து வீட்டு ஸ்மராந்தா. மறைத்ததாலேயே எல்லோருடைய கண்ணும் அங்கே போனது.

சபின் ஜன்னலோரம் உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தான். வலது கால் ஷூவைத் துடைத்து முடித்து, மறுபடியும் வலது கால் ஷூவையே எடுத்தான். இறந்தவள் அவன் மனைவி என்பதால், முடிவும் அவன்தான் சொல்ல வேண்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

“மச்சான், மதியம் சாமி வந்துடுவார்” என்றான் கவ்ரிலா. “பாதைக் கதவுப் பூட்டைத் திறக்கணும்னா சாவி வேணும். இல்லைன்னா வேலிய வெட்டிடறேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“வேலிய வெட்டாதே.”

“அப்ப சாவிய எடுங்க.”

சபின் ஷூவைக் கீழே வைத்தான். எடுக்கவில்லை.

கல்லறைத் தோட்டம் சதுப்புக்கு அந்தப் பக்கம், மேட்டில் இருந்தது. ஊர் உண்டான நாளிலிருந்து எல்லாப் பெட்டியும் சதுப்பின் விளிம்பை ஒட்டிய மண்பாதையில்தான் போயிருக்கிறது. வழியில் ஓடைகள் குறுக்கிடும். ஒவ்வொரு ஓடையிலும் ஊர்வலம் நிற்கும். பலகைப் பாலத்தின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரிப்பார்கள். போகிறவர்கள் தண்ணீரைத் தாண்ட அது வேண்டும். துண்டு விரிக்காமல் அனுப்பப்பட்டவர்களைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை.

பிறகு நெடுஞ்சாலை வந்தது. தான்யூப் ஆற்றுப் பக்கமிருந்து லாரி லாரியாகச் சரளை கொண்டுவந்து விளிம்பில் கொட்டி மேடாக்கினார்கள். நாணலும் வில்லோ மரங்களும் மண்ணுக்கு அடியில் போயின. சாலை முடிந்தபோது அதிலிருந்து வடிந்த தண்ணீர் எண்ணெய்ப் பளபளப்போடு நேராகச் சதுப்பில் இறங்கியது. தவளைச் சத்தம் நின்றுபோனது. கெடுத்த விளிம்பைத் திரும்ப உண்டாக்கித் தரவேண்டும் என்று கம்பெனிக்கு உத்தரவு. அவர்கள் சாலைக்கும் சதுப்புக்கும் நடுவே நிலத்தை ஒதுக்கி, வேலி போட்டு, கதவு வைத்துப் பூட்டி, செடி நட ஊர்க்காரர்களைக் கூப்பிட்டார்கள். செடிகள் வேர்பிடிக்கும்வரை உள்ளே ஆடு, மாடு, மனிதர் யாரும் கால் வைக்கக் கூடாது. பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். தோம்னிக்கா போனாள். மண்பாதையும் வேலிக்குள் போனது.

“சாலைத் தண்ணி சதுப்புக்குள்ள போறதுக்கு முன்னாடி இங்கதான் கால் கழுவணும்” என்பாள், கேட்பவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

முதல் வருட நடவில் சபினும் இருந்தான். ஊரில் வேலி கட்டுவதில் அவனுக்கு இணை கிடையாது. வில்லோக் கிளையைப் போத்தாக வெட்டி ஈர மண்ணில் இறக்கினால் போதும், அது மரமாகிவிடும். மற்றவர்கள் ஒரு வரிசையை முடிப்பதற்குள் அவன் இரண்டு வரிசை முடித்து, சிகரெட்டும் பற்றவைத்துவிட்டான். வசந்தத்தில் எல்லாம் துளிர்த்தது. அவன் வரிசை மட்டும் குச்சி குச்சியாக நின்றது. வேலிக்கால் ஊன்றுகிறவர்கள் நுனியைக் கூராக்கித் தலைகீழாகத்தான் இறக்குவார்கள்; அப்போதுதான் அது துளிர்த்துத் தொலைக்காது. கை தன் பழக்கத்தைச் செய்திருந்தது.

தோம்னிக்கா அந்த வரிசையைப் பிடுங்க விடவில்லை. “இருக்கட்டும். வர்றவங்களுக்குக் காட்டணும், என் புருஷன் நட்ட காடு” என்றாள். கம்பெனிக்காரர்கள்கூட அதைச் சபின் காடு என்றுதான் சொன்னார்கள்.

“பழைய வழிதான், மச்சான்” என்றான் கவ்ரிலா, இப்போது தணிந்த குரலில். “அவ எப்படிப் போனான்னு நினைச்சுப் பாருங்க. கையில ஒரு மெழுகுவர்த்திகூட இல்ல.”

ஸ்மராந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். அதைத்தான் மூன்று நாளாக எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து சொல்லாமல் விட்டிருந்தார்கள். சாகும்போது கையில் எரியும் மெழுகுவர்த்தி இருக்க வேண்டும். இல்லையென்றால் போகிற வழி முழுக்க இருட்டு. தோம்னிக்கா தனியாக, வேலிக்குள், கதவுக் காலில் சாய்ந்தபடி போயிருந்தாள்.

“வெளிச்சம்தான் குடுக்க முடியல. தெரிஞ்ச வழியையாவது குடுப்போம்” என்றான் கவ்ரிலா.

“அப்ப எங்க மாமியாருக்கு?” என்றாள் ஸ்மராந்தா.

அவள் துளசிக் கொத்தைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். “நான் சண்டைக்குச் சொல்லல. குளிப்பாட்டினது நான்தான். ஆனா அவர் கேப்பாரில்ல.”

அவர் என்றால் அவள் கணவன் லிசாந்த்ரு. நெடுஞ்சாலையில் சரளை லாரி ஓட்டுகிறவன். போன நவம்பரில் அவன் அம்மாவின் பெட்டி மழையில் விளிம்புக் கதவுக்கு வந்தது. தோம்னிக்கா கதவின் முன் நின்று, “சுத்திப் போங்க” என்றாள். போத்துகள் அப்போது முழங்கால் உயரம். நனைந்த மண்ணில் அத்தனை கால்கள் இறங்கினால் ஒன்றும் மிஞ்சாது. அம்மாவின் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே லிசாந்த்ரு அவளைத் திட்டிய திட்டுகளுக்குப் பாதிரியார் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பெட்டி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியதும், கதவைப் பூட்டிவிட்டு, ஊர்வலத்தின் கடைசி ஆளாகச் சேர்ந்துகொண்டாள். கல்லறை மேடுவரை அவளோடு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாலை அடுப்பருகே அவள் பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்ததைச் சபின் நினைத்துக்கொண்டான். அதிலிருந்து சொட்டிய தண்ணீரை அவள் துடைக்கக்கூட இல்லை.

“லிசாந்த்ரு வருவானா?” என்று கேட்டான்.

“காலையிலயே லாரிய எடுத்துட்டுப் போயிட்டார், அண்ணே.”

இந்த மாதக் கடைசியில் அதிகாரிகள் வருவார்கள். முக்கால்வாசிச் செடி பிழைத்திருந்தால் வேலியைப் பிரித்துவிடுவார்கள். பாதை மறுபடியும் எல்லோருக்கும். குறைந்திருந்தால் முதலிலிருந்து நடவு, மறுபடியும் பூட்டு. தோம்னிக்கா சமையலறைக் காலண்டரில் அந்தத் தேதியை வட்டமிட்டிருந்தாள். வேலி பிரிக்கிற அன்றைக்கு லிசாந்த்ரு வீட்டுக்கு ஒரு வாத்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். வாத்து இப்போதும் கொல்லையில் திரிந்தது.

சபின் எழுந்து பெட்டியருகே போனான். துளசியை நகர்த்தினான். மேலாடைக்கு அடியில் கைவிட்டு, சாவியைக் கட்டியிருந்த நூலைத் தேடினான். வேலிக் கம்பிகளை இறுக்க அவன் போடும் முடிச்சு அது. ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும். அவனிடம்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். எப்போது என்று தெரியவில்லை. முனையை இழுத்தான். சாவி அவன் உள்ளங்கையில் விழுந்தது, மூன்று நாள் குளிரோடு.

“அப்பாடா” என்றான் கவ்ரிலா.

மதியம் பாதிரியார் வந்தார். வால்நட் தூவிய கோதுமைத் தட்டும், துண்டுகளும், மெழுகுவர்த்திகளும் கைமாறின. பெட்டியை டிராக்டர் வண்டியில் ஏற்றினார்கள். கவ்ரிலா டிராக்டரில் ஏறினான். ஊர் முழுக்கப் பின்னால் நடந்தது. கிழவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “இன்னைக்காவது அந்தப் பாதையில நடக்கலாம். பாவம், அவ செத்துத்தான் திறக்கணும்னு இருக்கு” என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அவருக்குக் காது மந்தம் என்பதால் எல்லோருக்கும் கேட்டது.

பாதை பிரியும் இடத்தில் டிராக்டர் நின்றது. இடப்பக்கம் விளிம்புக் கதவு. வலப்பக்கம் நெடுஞ்சாலை, சதுப்பைச் சுற்றிக்கொண்டு நீளமாக.

சபின் முன்னால் போய்க் கதவருகே நின்றான். பையில் சாவி தொடையில் இடித்தது. கம்பிகளுக்கு அப்பால் வில்லோக்கள் தோள் உயரத்துக்கு வந்திருந்தன. கோரை பாதையை முழுக்க மூடியிருந்தது. பாதை எங்கே இருந்தது என்று வரிசைகளை வைத்துத்தான் ஊகிக்க முடிந்தது. கதவுக்குப் பக்கத்திலேயே அவன் வரிசை, பட்டை உரிந்து, வெளுத்துப்போய், ஒழுங்காக நின்றது. அதற்கு அடுத்து அவள் மறுபடியும் நட்டது.

மூன்று நாள் முன்பு ஆடுகளை ஓட்டிக்கொண்டு இதே இடத்தில்தான் நின்றான். போகும்போதும் வரும்போதும் நின்று கேட்பது வழக்கம். “திற, தோம்னி. சுத்தி நடக்க முடியல, கால் வலிக்குது.” உள்ளேயிருந்து அவள், “சுத்திப் போ, மகாராசா. வைத்தியர் நடக்கச் சொன்னார்ல” என்பாள். அன்றைக்கும் கேட்டான். கதவுக் காலுக்கு அந்தப் பக்கம் அவள் தலைத்துணி தெரிந்தது. பதில் வரவில்லை. முந்தின இரவு சூப்பில் உப்பு என்று சொன்னதற்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டான். சிகரெட் ஒன்றைப் பாதிவரை குடித்துவிட்டுத்தான் வேலி ஏறினான்.

“மச்சான், எந்தப் பக்கம்?” டிராக்டர் சத்தத்துக்கு மேலே கவ்ரிலா கேட்டான்.

“சுத்திப் போ” என்றான் சபின்.

கவ்ரிலா அவனையே பார்த்தான். “அக்கா மாதிரியே சொல்றீங்க.”

பாதிரியார் கிட்டே வந்தார். “சபின், வெளிச்சம் இல்லாம போனவ. தெரியாத வழியில அனுப்பறியே.”

“அவளுக்குத் தெரியாத வழி இல்ல, சாமி. தினம் என்னை அதுலதானே அனுப்பினா.”

“அங்க ஓடை இல்ல. துண்டை எங்கே விரிப்பே?”

“சாலைக்கு அடியில குழாய் போட்டிருக்காங்க. தண்ணி அதுக்குள்ளதான் ஓடுது. அதுக்கு மேல விரிப்போம்.”

பாதிரியார் சற்று யோசித்தார். குழாய்களைப் பற்றி அவர் படித்த புத்தகங்களில் எதுவும் இருந்திருக்காது. “சரி, தண்ணி எங்க இருந்தா என்ன” என்று முன்னால் நடந்தார்.

கிழவரும் இன்னும் சிலரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். அந்தச் சாலையில் லாரிகள் யாருக்காகவும் வேகத்தைக் குறைப்பதில்லை. மற்றவர்கள் ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக, மேட்டில் ஏறினார்கள்.

மேலே ஏறியதும் சாலையில் அவர்கள் போகவேண்டிய பாதி காலியாக இருந்தது. எதிர்ப்பாதியிலும் பின்னாலும் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சற்றுப் பின்னால் ஒரு சரளை லாரி சாலைக்குக் குறுக்கே, ஒரு சைக்கிள்கூட நுழைய இடமில்லாமல் நின்றது. அதன் படியில் லிசாந்த்ரு உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். ஊர்வலம் எந்தப் பக்கம் திரும்பும் என்று மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

ஸ்மராந்தா அவனிடம் போனாள். “என்ன இது?”

“டீசல் தீர்ந்துபோச்சு.”

“காலையிலதானே ரொப்பினீங்க.”

“தீர்ந்துபோச்சுன்னா தீர்ந்துபோச்சு. பெட்டி போனதும் மறுபடி ஊறும்.” அவன் சபினைப் பார்க்கவில்லை. தொப்பியை மட்டும் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான்.

முதல் குழாய் வந்ததும் கவ்ரிலா டிராக்டரை நிறுத்தினான். சபின் தாரின் மேல் வெள்ளைத் துண்டை விரித்தான். நான்கு மூலையிலும் சரளைக் கல் வைத்தான். பாதிரியார் பாடினார், ஹாரன் சத்தத்தில் பாதிதான் கேட்டது. காலுக்கு அடியில், வெகு ஆழத்தில், தண்ணீர் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. டிராக்டர் சக்கரம் துண்டின் மேல் கறுப்பாக ஒரு தடம் விட்டுவிட்டு நகர்ந்தது. அடுத்த குழாயில் அடுத்த துண்டு.

அடக்கம் முடிந்து, வீட்டில் சாப்பாடு பரிமாறி, ஒவ்வொருவராகக் கிளம்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. கவ்ரிலா ஆடுகளைத் தானே ஓட்டி வருவதாகச் சொன்னான். சபின் வேண்டாம் என்று கோலை எடுத்துக்கொண்டான்.

ஆடுகள் காலையிலிருந்து தூர மேய்ச்சலில் இருந்தன. அவற்றைத் திருப்பிக்கொண்டு விளிம்புக் கதவுக்கு வந்தான். லாரிக் காற்றில் பறந்துவந்த துண்டு ஒன்று, சக்கரத் தடத்தோடு, வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டு அசைந்தது. உள்ளே எங்கோ தவளைகள் தொடங்கியிருந்தன.

ஆடுகள் வழக்கம்போலச் சிறிது நேரம் நின்றன. பிறகு, யாரும் ஓட்டாமலே, முன்னால் நின்ற பெட்டை ஆடு சுற்றுவழிப் பக்கம் திரும்பியது. மற்றவையும் அதன் பின்னால் போயின.

சபின் போகவில்லை. பையில் சாவியைப் பிடித்துக்கொண்டு, கதவுக் காலில் தோளைச் சாய்த்தான்.

“திற, தோம்னி” என்றான். “இன்னைக்கு மட்டும். நிஜமாவே கால் வலிக்குது.”