பூசைக்குத் துடைத்த இலக்கம்

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சுகிர்தனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. சிட்னியில், செவன் ஹில்ஸில் இருக்கும் அவனுடைய கார்ப் பட்டறைக்குள் நாலு நடை, வெளியே தகரக் கதவடியில் இரண்டு நடை, பிறகு மறுபடியும் வந்து அந்த நீலக் கொர்வெட் காரின் முன்மூடியைத் தூக்கிப் பார்ப்பது. பார்த்துக்கொண்டே இருந்தால் போனது திரும்பி வந்துவிடுமா என்ன?

வண்டி அறுபத்தேழாம் ஆண்டு அமெரிக்காவில் செய்தது. சொந்தக்காரர் கெல்லிவில்லில் இருக்கும் பல் டாக்டர் கல்யாணசுந்தரம். இத்தனை வருடமும் ஒருவரும் பெயின்ட் அடிக்காமல், ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல் எப்படியோ தப்பி வந்த கார். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று பழைய கார் கிளப் ஒரு சான்றிதழ் கொடுக்கும். அது கிடைத்துவிட்டால் டாக்டருக்குப் பிறவிப் பயன். சனிக்கிழமை பரிசோதிக்க ஆள் வருகிறது.

இரண்டு வருடமாக சுகிர்தன் போல்ட் தலைகளில் உள்ள முத்திரைகளையும் என்ஜின் வார்ப்பில் பதிந்த தேதியையும் பார்த்துப் பார்த்துப் பட்டியல் எழுதியிருந்தான். எது அசல், எது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று சொல்வதில் சிட்னியில் அவன் வாய்ச்சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பில்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது.

அந்தப் பட்டியலுக்கு மகுடம் போல ஒன்று இருந்தது. என்ஜினுக்குப் பின்னால் நிற்கும் கறுப்புத் தடுப்பில், மஞ்சள் கிரேயோனால் 81 என்று ஒரு கிறுக்கல், அதற்குக் கீழே ஒரு சரி அடையாளம். கார் கட்டி முடித்த அன்று யாரோ ஒரு தொழிலாளி போட்டது.

புதன்கிழமை ஆயுத பூசை. டாக்டர் காலையிலேயே போன் எடுத்து, “சுகிர்தன், நம்ம வண்டிக்கும் ஒரு பொட்டு வெச்சிருங்க” என்றார். பொட்டு வைப்பதற்கு முன் துடைக்க வேண்டாமா? ஸ்பானர், ஜாக், வெல்டிங் செட் என்று பட்டறையில் இருந்த அத்தனையையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே வந்தான். வாயில் தேவாரம், கையில் துணி. கை தன்பாட்டில் காருக்கும் போனது. பளபளவென்று துடைத்த கறுப்புத் தடுப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டும் விட்டான். வியாழன் பின்னேரம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தபோதுதான் கண்டான். 81 இருந்த இடத்தில் பொட்டு மட்டும் இருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை. டாக்டரின் நம்பரை மூன்று முறை அழுத்தினான். மணி அடிக்க முன்னமே மூன்று முறையும் வெட்டினான். போனில் அந்த இலக்கத்தின் படம் இருந்தது. படத்தைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மத்தியானம் பரமட்டாவுக்குப் போய் மூன்று கடை ஏறி இறங்கி ஒரு மஞ்சள் கிரேயோன் வாங்கி வந்தான். பொட்டை அழித்தான், படத்தைப் பார்த்து அதே சாய்வில் எழுதினான், நிலத்துத் தூசியை விரலால் தொட்டு மேலே தேய்த்தான். அச்சு அசல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தன்னை நினைக்க அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை பரிசோதிக்க வந்தவர் மார்கரெட் என்ற எழுபது வயது அம்மா. கையில் டார்ச், முழங்காலுக்குக் கீழே போட ஒரு ரப்பர் மெத்தை. டாக்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு மாப்பிள்ளை போல ஓரமாக நின்றார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து பச்சைத் தண்ணீரைப் பார்த்த மார்கரெட், அந்தக் காலத்து வகைதானா என்று சுகிர்தனைக் கேட்டார். ஆம் என்றதும், நீ சொன்னால் சரி என்று அவனுடைய பட்டியலில் அடையாளம் போட்டார். ஹோஸ் குழாய்களை இறுக்கும் கிளாம்புகளுக்கும் அப்படியே. ஒவ்வொரு ‘நீ சொன்னால் சரி’க்கும் சுகிர்தனுக்கு முதுகில் வேர்த்தது.

கடைசியாக 81. மார்கரெட் நெடுநேரம் பார்த்தார். இவ்வளவு தெளிவான ஒன்றைத் தான் கண்டதில்லை என்றார். கிளப்பின் கையேட்டில் இந்தப் படத்தைப் போடப் போகிறாராம். இனி மற்றவர்கள் தங்கள் காரில் இருப்பது அசலா என்று இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமாம். கமராவைத் தூக்கினார்.

“எடுக்காதேங்கோ!” பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில், அது நான் எழுதியது என்று சொன்னான்.

டாக்டரின் முகம் செத்துப்போனது. “நீங்களா எழுதினீங்க?”

“ஓம் டொக்டர். பூசைக்குத் துடைக்கேக்க அழிஞ்சு போச்சு. நேற்று நான்தான் எழுதினனான்.”

“அழிஞ்சது சரி. பொட்டு வைக்கச் சொன்னதே நான்தான். ஆனா நேத்து எனக்கு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே, சுகிர்தன்?”

 மார்கரெட் கமராவைப் பைக்குள் வைத்தார். கோபப்படவில்லை, திட்டவுமில்லை. பென்சிலை எடுத்து, அவன் சொல்லை நம்பிப் போட்ட அடையாளங்களை ஒவ்வொன்றாக வெட்டினார். பச்சைத் தண்ணீர், கிளாம்புகள், இரண்டு வருடத்துப் பட்டியல் முழுவதும். பிறகு முதலாம் பக்கத்துக்குத் திருப்பி, ரப்பர் மெத்தையை மறுபடியும் நிலத்தில் போட்டு மண்டியிட்டார்.

முதல் போல்ட்டிலிருந்து தொடங்குவோம், நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், டார்ச்சை மட்டும் பிடி என்றார்.

சுகிர்தன் டார்ச்சைப் பிடித்தான்.