பாதாம் மரத்தின் மேல் சந்திரம்மா

சந்திரம்மா வீட்டுப் பாதாம் மரத்துக்குத் தன் இடம் போதவில்லை. முற்றம் முழுக்கக் காலியாகக் கிடந்தும், இருப்பதிலேயே பெரிய கிளையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு முனியம்மாவின் சிமெண்டு ஷீட் கூரைக்கு மேல்தான் நீட்டி வைத்திருந்தது. கார்த்திகை பிறந்தால் இலையெல்லாம் சிவந்து உதிரும். சதுரங்கப்பட்டினத்துக் கடற்காற்று அதை வாரி முனியம்மாவின் வாசலில் கொட்டும். முனியம்மா மீன் விற்கிறவள். அந்தக் குரலிலேயே இலை விழுந்த சேதியைத் தெருவுக்கெல்லாம் சொல்லிவிடுவாள்.

போன வருஷப் புயலில் ஒரு சின்னக் கிளை முறிந்து தொங்கியது. சந்திரம்மாவின் வீட்டுக்காரர் சின்னராசு கொட்டுகிற மழையில் லுங்கியை மடித்துக் கட்டி, கத்தியோடு ஏறினார். ஏறியதைவிட வேகமாக இறங்கினார். வலது கையில் தகடு வைக்கவேண்டி வந்தது. தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேனை ஓட்டுகிற மனுஷன் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து, சாம்பாரில் உப்பு கம்மி, சட்னியில் காரம் ஜாஸ்தி என்று சந்திரம்மாவின் உயிரை வாங்கினார்.

அதனால் இந்த வருஷம் கடலில் புயல் உருவாகிறது என்று டி.வி.யில் சொன்னதுமே மகள் கவியா முந்திக்கொண்டாள். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் அவள் பாதுகாப்பு அதிகாரி. உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு பெல்ட் மாட்டச் சொல்லிக்கொடுப்பதே அவள் உத்தியோகம்.

"மழை வர்றதுக்குள்ள கிளைய கழிச்சிடணும். ஈர மரத்துல யாரும் ஏறக் கூடாது. நைனா, உன்னத்தான் சொல்றேன்."

"நான் இன்னா கொயந்தையா?" என்றார் சின்னராசு, கையைத் தடவிக்கொண்டே.

மரம் ஏறுகிற துரைக்கு போன் போட்டார்கள். ஊர் முழுக்கத் தன்னைத்தான் தேடுகிறது என்றும், புயல் போனதும் முதல் வேலையாக வருவதாகவும் அவன் சொன்னான்.

"புயல் போன பிறவு வந்து இன்னா பண்ணுவான்? மரத்துக்கு ஆறுதல் சொல்வானா?" என்றாள் சந்திரம்மா.

கவியா அசரவில்லை. லைன்மேனை வரவழைத்து, மரத்தை ஒட்டிப் போகும் ஒயரில் கரண்டை நிறுத்தச் சொன்னாள். முனியம்மாவையும் அவள் ஆட்டையும் தெருவின் எதிர்ச்சாரிக்கு அனுப்பினாள். மரத்தடியில் கயிறு கட்டி, உள்ளே யாரும் வரக்கூடாது என்றாள். தன் பையிலிருந்து ஹெல்மெட்டையும் பெல்ட்டையும் எடுத்து மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். சில படி ஏறினாள். அப்படியே நின்றாள்.

"இன்னாடி நின்னுட்ட, ஏறு" என்றாள் சந்திரம்மா.

கவியாவின் விரல்கள் ஏணியில் வெளுத்துப்போயிருந்தன. மெதுவாக இறங்கி வந்தாள்.

"ம்மா, சொன்னா சிரிக்கக் கூடாது. கம்பெனில எல்லாருக்கும் நான் கீழ நின்னுதான் சொல்லிக் குடுப்பேன். மேல போனா எனக்குத் தல சுத்தும்."

சின்னராசு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முதுகு மட்டும் குலுங்கியது. அதைப் பார்த்துக் கவியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, நான் ஏறுறேன்" என்று அவர் திரும்பியபோது அம்மாவும் மகளும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். பிறகு சந்திரம்மா கையை நீட்டினாள்.

"அந்த பெல்ட்ட இங்க குடு."

மாமல்லபுரம் சாலையில் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் செய்கிறவள் சந்திரம்மா. ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறியதுதான் அவள் இதுவரை எட்டிய உயரம். ஏன் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் கேட்டுவிட்டாள். உள்ளே போய்ப் புருஷனின் டிராக் பேண்டையும் மகளின் கம்பெனி சட்டையையும் போட்டுக்கொண்டு வந்தாள். கொண்டை இடித்ததால் ஹெல்மெட் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. எதிர்ச்சாரியிலிருந்து முனியம்மா, "யாருடி அது, புதுசா வந்த போலீசா?" என்று கேட்டாள்.

பெல்ட்டில் இரண்டு கொக்கிகள் இருந்தன. கவியா ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தாள். "ஒன்ன கழட்டினா இன்னொன்னு மாட்டியே இருக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல கையில இருக்கவே கூடாது. புரிஞ்சுதா?"

"புரியுது. மாமியார் வூட்டுக்கும் அம்மா வூட்டுக்கும் நடுவுல நின்ன மாதிரி."

ஏணி முடிந்து முதல் கவட்டையில் உட்கார்ந்ததும் சந்திரம்மா அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு கொக்கி, அடுத்த கொக்கி. இன்னும் கொஞ்சம் மேலே. இலைகளை விலக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

கடல் தெரிந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் இருந்தபடி சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த கடல், பழைய டச்சுக் கோட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் இவ்வளவு பெரிதாகக் கிடந்தது. புயலுக்குப் பயந்து மேட்டில் ஏற்றிய படகுகள் வரிசையாக வெயில் காய்ந்தன. அவளுடைய வயிற்றிலிருந்து என்னவோ குமிழ் விட்டுக் கிளம்பி வாய் வழியாக வந்தது. தோள் குலுங்கியது, மரம் குலுங்கியது.

"அய்யோ, அழுவுறாளே" என்று பதறினார் சின்னராசு. "சந்திரா, அழுவாத. அப்படியே புடிச்சுக்கோ. நான் வரேன்."

"யோவ்" என்றாள் சந்திரம்மா. அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "யாரு அழுவுறா? உன் மண்ட நடுவுல தட்டு மாதிரி சொட்ட வுழுந்துகீது. இத்தினி நாளா சீவி சீவி மறச்சுகினு இருந்தியா?"

தெரு சிரித்தது. சின்னராசு துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

பிறகு வேலை நடந்தது. பெரிய கிளையிலிருந்து பிரிந்த சின்ன மிலார்களை ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டினாள். பட்டை உரியாமலிருக்க, கவியா கீழிருந்து சொன்னபடி கைரம்பத்தால் முதலில் அடியில் கொஞ்சம் அறுத்து, அப்புறம் மேலிருந்து அறுத்தாள். அறுந்த கிளையைச் சின்னராசு நல்ல கையாலும் கவியா இரண்டு கையாலும் கயிறு விட்டு இறக்கினார்கள். ஒவ்வொன்று தரைக்கு வந்ததும் எதிர்ச்சாரியில் கை தட்டினார்கள். சிவப்பு எறும்பு கடித்தது, மரத்தூள் கண்ணில் விழுந்தது, எல்லாவற்றுக்கும் சந்திரம்மாவுக்குச் சிரிப்புதான் வந்தது. பெரிய கிளை மட்டும் மொட்டைக் கையாக மிச்சம் நின்றது. அதன் அடியைத் தட்டினாள். காலிக் குடத்தைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

"கவியா, உள்ள ஒன்னுமில்லடி. செல்லு அரிச்சுகீது."

அதே நேரம் கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்து மரத்தை அசைத்துவிட்டுப் போனது. கவியாவின் முகம் மாறியது.

"ம்மா, அதுல எடை போடாத. இறங்கு."

"இது ஒன்னுதான்டி பாக்கி. அறுத்துட்டு வந்துடறேன்."

"காத்து கிளம்பினா வேலைய நிறுத்தணும். இறங்கும்மா."

சந்திரம்மா கிளையைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். இன்னும் ஒரு மணி நேரமாவது அங்கேயே இருக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் கீழே மகள் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கொக்கி, அடுத்த கொக்கி என்று இறங்கி வந்தாள்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே நேராக முனியம்மாவிடம் போனாள்.

"முனிமாக்கா, இன்னிக்கு எங்க வூட்ல வந்து படு."

"என் வூட்ட வுட்டு எவ வூட்டுக்கும் நான் வரமாட்டேன்."

"அந்தக் கிளைய என் கையால தட்டிப் பாத்தேன்கா. உள்ள காலி. நீ படுக்கற கட்டிலுக்கு நேர் மேல கீது."

முனியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். இலையைப் பற்றிச் சண்டை போட எத்தனையோ தடவை வந்தவள், இப்போது ஆட்டையும் குக்கரையும் டேபிள் ஃபேனையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கரண்ட் இருக்காது என்று சொல்லியும் ஃபேனை விடவில்லை.

மறுநாள் காலை புயல் கரையைத் தொட்டது. சந்திரம்மா தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இடி விழுந்தது போல ஒரு சத்தம். முனியம்மா கதவுக்கு ஓட, சின்னராசு குறுக்கே நின்றார். காற்று ஓய்ந்த பிறகுதான் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். கிளை ஒரே ஒரு ஷீட்டை உடைத்துக்கொண்டு கட்டில் மேல் கிடந்தது. இலையும் மிலாருமாக முழுக் கனத்தோடு விழுந்திருந்தால் சுவரையே இழுத்திருக்கும் என்றாள் கவியா.

முனியம்மா தலையணை இருந்த இடத்தைப் பார்த்தபடி நின்றாள். அவள் வாயடைத்து நின்றதை அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது. சந்திரம்மாவின் கையைப் பிடித்தாள், விடவில்லை. இருவர் கண்ணும் கலங்கின. அந்த நேரம் பார்த்து ஆடு உள்ளே நுழைந்து, கட்டிலில் ஏறி, ஓட்டை வழியாகக் காற்று கொட்டியிருந்த பாதாம் இலையைத் தின்ன ஆரம்பித்தது. முதலில் முனியம்மாதான் சிரித்தாள். பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

அடுத்த நாள் வெயில் அடித்தது. கிளை முறிந்த இடம் பிய்ந்து நார் நாராகத் தொங்கியது. அப்படியே விட்டால் தண்ணீர் இறங்கி மரம் முழுக்க அழுகிவிடும், சீராக அறுத்துவிட வேண்டும் என்று கவியா சாப்பிடும்போது சும்மா சொன்னாள். நிமிர்ந்து பார்த்தால் எதிரே அம்மா டிராக் பேண்டில் உட்கார்ந்திருந்தாள்.

"மரம் காயட்டும்மா."

"நான் ஒன்னும் சொல்லலியே."

ரிசார்ட்டுக்குப் போன் போட்டு லீவு சொன்னாள் சந்திரம்மா. துணி மடித்தாள், வாசல் கூட்டினாள், நடு நடுவே போய் அடிமரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரம். மறுபடி போனாள். கொஞ்சம் ஈரம். சின்னராசு தலையில் துண்டோடு கயிற்றைச் சுற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதிர்ச்சாரியில் முனியம்மா நாற்காலி போட்டு இடம் பிடித்தாள். லைன்மேனும் வந்து கரண்டை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

பிற்பகலில் கவியா வந்து மரத்தைத் தொட்டாள். பட்டை காய்ந்து சொரசொரத்தது. காற்று அசையவில்லை. அம்மாவின் பெல்ட் வார்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

சந்திரம்மா ஏணியில் இரண்டாம் படியைத் தாண்டும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.