வளையத்துக்குள் ஒரு நாற்காலி

காது மெஷினில் ‘டி’ என்று ஒரு பட்டன் உண்டு. எதற்கென்று பலருக்குத் தெரியாது. நாற்காலிகளைச் சுற்றித் தரையில் ஒரு ஒயரை வளையமாக ஓட்டி, மைக்கில் வருவதை அதன் வழியே அனுப்ப வேண்டும். வளையத்துக்குள் உட்கார்ந்து பட்டனைப் போட்டால் பாட்டு நேராகக் காதுக்கு வரும். ஃபேன் சத்தம், எதிரொலி எதுவும் கூட வராது. வளையத்துக்கு வெளியே உட்கார்ந்தால் ஒன்றும் கேட்காது.

பெருங்களத்தூர் காலனி விழாவுக்கு மைக்செட் என்னுடையது. செயலாளர் ஸ்ரீநிவாசராகவனுக்கு இதை மூன்று தடவை விளக்கினேன். படமும் வரைந்து காட்டினேன். காலையில் முன்வரிசைகளைச் சுற்றி ஒயரை ஒட்டிவிட்டுப் போய், மாலையில் வந்து பார்த்தால் வளையத்துக்குள் சோபாக்கள், ‘முக்கிய விருந்தினர்’ அட்டை. ‘காது கேளாதோர்’ அட்டை கடைசி வரிசையில், கதவோரம்.

அங்கே நான்கைந்து பேரோடு சாஹிரா அக்கா உட்கார்ந்திருந்தார். நான்கு வருடம் முன்பு ஒரு காய்ச்சலில் காது போய் மெஷின் வந்தது. மகள் இரம் பாடக் கற்றது அதற்குப் பிறகு. இன்று அவளுக்கு முதல் மேடை.

“இன்னா சார் இது?” என்று செயலாளரைப் பிடித்துக் கேட்டேன்.

“அவங்க வசதிக்குத்தான் ஜெயவேலு. ஃபேன் நேரா வரும், பாத்ரூமும் பக்கம்.”

“பாட்டு கேக்க வந்துகிறாங்க சார், காத்து வாங்கவா? சோபால கீறவங்க யாருக்குனா காது மெஷின் கீதா?”

“கெஸ்ட்டை எழுந்திருங்கன்னு நான் எப்படிச் சொல்றது? பொன்னாடை முடிஞ்சதும் அந்தப் பொண்ணுதான் ஃபர்ஸ்ட்.”

பொன்னாடை பதினாறு பேருக்கு. ஆளுக்கு ஒரு ஃபோட்டோ. எந்த விழாவிலும் எனக்குப் பேஜாரான நேரம் அதுதான். அன்றைக்கு அது மட்டுமே கையில் இருந்தது. ஆட்களை நகர்த்த முடியாது, ஒயரை நகர்த்தலாம்.

“கால தூக்கு சார்” என்று சோபா சோபாவாகக் குனிந்து டேப்பை உரித்தேன். ஆறாவது பொன்னாடைக்கு ஒயரில் பாதிதான் கைக்கு வந்தது, மீதி சோபாக்களின் அடியில் மாட்டிக்கொண்டது. பத்தாவதுக்கு ஆம்ப்ளிஃபயர் கடைசி வரிசைக்குப் போனது. பதினான்காவது முடிந்தபோது வளையம் மூட இரண்டு முழம் குறைந்தது. நாற்காலிகளை நெருக்கிப் போட்டேன்.

இரம் மைக் முன் வந்தாள். அக்கா பட்டனைப் போட்டார். பாட்டு தொடங்கியது, அக்கா அசையவில்லை.

“கேக்குதாக்கா?” என்று அவர் முகத்துக்கு முன் கையை ஆட்டினேன். வளையத்தில் என் குரல் வராது என்பதை நானே மறந்துவிட்டேன்.

அக்கா என் கையைத் தட்டிவிட்டு, மேடையிலிருந்து கண் எடுக்காமல், ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “ரெண்டாவது அடியில என்ன அவசரம் இவளுக்கு? வீட்டுக்கு வரட்டும்!”

முன்வரிசை சோபாக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.