துலக்கி வந்த சக்கரம்

சக்கரம் பளபளவென்று திரும்பி வந்தது. ஃபிட்டருக்கு அங்கேயே சுருக்கென்றது. இரவல் வாங்கிய சாமானைத் துலக்கித் தருகிற ஆளை அவர் ஐம்பத்தெட்டு வருடத்தில் பார்த்ததில்லை. கொண்டுவந்தவர் தங்கை வீட்டுக்காரர், அதாவது மாப்பிள்ளை. கோணிப்பையை வேலை மேசையில் கவிழ்த்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு மச்சான்" என்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினார். பஸ் ஓட்டுகிறவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகாமல் வேறு எதற்கு ஆகும்? ஆனாலும் அன்று அதுவும் ஃபிட்டருக்கு உறுத்தியது.

விஷயம் இதுதான். மூடிப்போன பட்டறை ஒன்றிலிருந்து இருவரும் ஆளுக்கொரு பழைய ட்ரில்லிங் மெஷின் வாங்கினார்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வயசு. ஃபிட்டருடையதில் பித்தளைக் கைச்சக்கரம் இருந்தது, மாப்பிள்ளையுடையதில் இல்லை. மனிதர் சும்மா இருப்பாரா? கொல்லையில் உலை மூட்டி, ஓட்டைக் குழாய்களை உருக்கி, சக்கரத்தைத் தானே வார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டார். மாதிரிக்கு மச்சானின் சக்கரம் வேண்டும். அதை மண்ணில் பதித்து எடுத்துவிட்டு, பதிந்த பள்ளத்தில் பித்தளையை ஊற்ற வேண்டும். தங்கை வந்து, "குடுண்ணா, ஒரு வாரந்தானே" என்றாள். தட்ட முடியவில்லை. அந்த ஒரு வாரம் மூன்று வாரமானது.

இப்போது சக்கரம் இரண்டு. வீட்டுக்கு வந்திருப்பது எது?

விளிம்பில் அவர் சக்கரத்தின் பழைய வெட்டு இருக்கத்தான் செய்தது. அதை நம்ப ஃபிட்டர் என்ன பச்சைப் பிள்ளையா? மண்ணில் பதித்தால் வெட்டும் கூடவேதானே பதியும்! அதனால்தான் கொடுப்பதற்கு முன்பே குறுக்களவு எடுத்து, சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்: 200 மில்லிமீட்டர். உருக்கி ஊற்றிய பித்தளை ஆறும்போது சுருங்கும், இருநூறுக்கு மூன்று குறையும் என்று மாப்பிள்ளையே ஒருநாள் டீயை உறிஞ்சிக்கொண்டு பீற்றியிருக்கிறார். வசமாக மாட்டினார்!

மேசையில் கிடந்த இரும்பு ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றேழு. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே நூற்றுத் தொண்ணூற்றேழு.

"பாத்தியா? அசலை அமுக்கிட்டு நகலை என் தலையில கட்டிட்டான்!"

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவரையே ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"கேட்டா ஒத்துக்குவானா? நல்லா சொன்ன போ."

கேட்கவேண்டியவரை விட்டுவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டார். "உன் புருஷன் என் கண்ணுல மண்ணைத் தூவிட்டாரு. உனக்குத் தெரியாமலா இருக்கும்? கூட்டுக் களவாணிங்க!"

"இதை உன் வாயால கேக்கணும்னு எனக்கு எழுதியிருக்கு. இனிமே என் வீட்டு வாசல மிதிக்காதண்ணா" என்று வைத்துவிட்டாள். ஒரே தங்கை. இப்படி ஒரு சொல் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை.

அதற்கும் ஃபிட்டருக்குக் கோபம்தான் வந்தது. குற்றம் செய்தவர்களுக்கு ரோஷம் வேறா? வீட்டு உலையில் வார்த்த பித்தளைக்குள் பொத்தல் பொத்தலாகக் காற்று நிற்கும். அறுத்து, அந்தப் பொத்தலைத் தங்கை முகத்துக்கு நேரே நீட்டினால் என்ன சொல்வாள், பார்ப்போம். சக்கரத்தை வைஸில் இறுக்கி ஆக்சா பிளேடை வைத்தார்.

"ஐயய்யோ, ஒருவேளை அசலா இருந்துட்டா?" என்றாள் மனைவி.

"இருக்காது."

அரை மணி நேரத்தில் சக்கரம் இரண்டு துண்டானது. அறுத்த இடத்தில் ஊசி நுழைய ஒரு ஓட்டை இல்லை. அப்படியானால் அறுபட்டது அசல்! துண்டுகளைக் கோணிப்பைக்கு அடியில் தள்ளினார்.

பொழுது சாயும்போது மாப்பிள்ளை டூட்டி முடித்து நேரே வந்தார். கையில் இன்னொரு சக்கரம்.

"போன்ல அவ ஒரே அழுகை மச்சான். இந்தாங்க, என்னோடதும் இருக்கு. எது உங்களுதோ எடுத்துக்கங்க." மேசையைப் பார்த்தவர், "அட, என் ஸ்கேல் இங்கயா இருக்கு? தேடாத இடமில்ல, சக்கரத்தோட சேந்து கோணியில வந்துடுச்சு போல" என்றார்.

"உங்க ஸ்கேலா?"

"வார்ப்புக்காரங்க ஸ்கேல் மச்சான் இது. பித்தளை சுருங்குமில்ல? அதுக்கும் சேத்து ஒவ்வொரு மில்லியையும் கொஞ்சம் பெருசா கீறியிருப்பாங்க. மத்தபடி பாக்க ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

மனைவி காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய ஃபிட்டரின் ஸ்கேலை எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தாள். மாப்பிள்ளை ஸ்கேலின் நூற்றுத் தொண்ணூற்றேழும் ஃபிட்டர் ஸ்கேலின் இருநூறும் ஒரே கோட்டில் நின்றன.

ஃபிட்டர் கோணிப்பையைத் தானே விலக்கினார். மாப்பிள்ளை துண்டுகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சரி, விடுங்க மச்சான்" என்றார். "இந்தத் துண்டுங்களையே உருக்கிடலாம். மரத்துல மாதிரி செஞ்சு, இந்த ஸ்கேல்ல அளந்து வார்த்தா சரியா இருநூறு வரும். இதை வாங்கினதே அடுத்த தடவை அளவு குறையாம வார்க்கத்தான்."

ஃபிட்டருக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "பின்ன எதுக்கு மாப்பிள்ளை துலக்கிக் கொண்டாந்தீங்க? அதுலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

"நானா? எனக்கு ஏது நேரம்? உங்க தங்கச்சிதான் ரெண்டு நாளா உக்காந்து தேய்ச்சா. விரலெல்லாம் கன்னிப்போச்சு. அண்ணன் குடுத்த சாமான் அழுக்காத் திரும்பிப் போகக்கூடாதாம்."

ஃபிட்டர் எழுந்து செருப்பைத் தேடினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"அவ வீட்டுக்கு."

"வாசல மிதிக்காதன்னு சொன்னாளே?"

"தெருவுல நிக்கறேன்."

இரண்டு துண்டையும் கையில் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை கோணிப்பையை நீட்டினார். "இதுல போட்டு மூடிக்கங்க மச்சான்."

"வேண்டாம்" என்றார் ஃபிட்டர். "அவ பாக்கட்டும்."