கூப்பிட்டால் திரும்புவாள்

"கதவத் தொறக்காதேன்னு சொன்னேன்ல, உனக்கு எத்தன தடவ—"

"அவங்க கீழ வந்து நிக்கிறாங்க அத்தை, நான்தான் வரச் சொல்லி—"

"யாரக் கேட்டு வரச் சொன்ன? இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா தெரியாதா?"

"இவங்க நாள் குறிச்சு மாசக்கணக்காச்சு. உங்க சம்பந்திதான் நேத்து திடீர்னு போன் பண்ணி வரேன்னாங்க."

"இன்னும் சம்பந்தி ஆகல. ஆக விடாமப் பண்ணத்தானே வண்டிய வரவழைச்சிருக்க!"

மருமகளின் கை தாழ்ப்பாளில் இருந்தது. மாமியார் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இருவர் காலடியிலும் சிட்டு உட்கார்ந்து ஒரு டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வயதை நெருங்குகிறது. அம்மா என்று ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை. தலைக்கு மேலே இத்தனை சத்தம் நடக்கிறது, அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஜன்னல் வழியே வண்டி தெரிந்தது. பக்கவாட்டில் தெருவுக்கே படிக்கத் தெரிகிற எழுத்தில், 'வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான சேவை' என்று இருந்தது. அதை எழுதச் சொன்ன புண்ணியவான், அந்த வண்டி நிற்கப்போகிற வாசல்களைப் பற்றி ஒரு நிமிஷம் யோசித்திருக்க மாட்டான்.

வண்டியில் வந்தவள் பை டீச்சர். பொம்மையும் படமும் நிறைந்த பெரிய பையோடு வாராவாரம் வந்து, சிட்டுவோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவாள். பிள்ளைக்கு எது குறைகிறது என்று பார்ப்பாள். தாயை அங்கே போ, இங்கே போ என்று அலையவிடாமல், வேண்டிய ஆட்களை ஒன்றாகத் திரட்டி வீட்டுக்கே கூட்டிவருவதும் அவள் வேலைதான். இன்றைக்குக் காது சோதிக்கிறவர், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள், சோதனைக் கருவி எல்லாம் அந்த வண்டிக்குள் இருந்தன. இன்று தவறினால் கருவி இந்தப் பக்கம் திரும்பி வர வருஷக் கடைசி ஆகிவிடும்.

"பேச்சு பிடிக்கிற வயசும்மா இது," என்று போன வாரம்கூடச் சொல்லியிருந்தாள். "இத விட்டுட்டோம்னா பின்னால ரொம்பக் கஷ்டம்."

"என் பேத்திக்கு ஒண்ணுமில்ல," என்றாள் மாமியார். "கூப்பிட்டாத் திரும்புறா. இந்தா பாரு."

குதிகாலால் பலகைத் தரையில் ஓங்கி ஒரு மிதி. கூடவே, "சிட்டு!"

சிட்டு திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

டீச்சர் வரும்போதெல்லாம் நடக்கிற கூத்துதான் இது. மருமகளும் பல நாள் நம்பினாள். கீழே அச்சகம். இயந்திரம் ஓட ஆரம்பித்தால் சிட்டு கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொள்வாள், யாரோ தாலாட்டுவதுபோல. இயந்திரம் நின்றால் எழுந்து உட்கார்ந்து தேடுவாள். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் தாய்க்குச் சந்தேகம் தட்டியது: பிள்ளை திரும்புவது குரலுக்கா, தரை அதிர்வதற்கா?

அவள் குனிந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இப்பக் கூப்பிடுங்க அத்தை."

"சிட்டு."

குழந்தை அம்மாவின் காலர் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

"சிட்டூ!"

பொத்தான்தான் முக்கியமாக இருந்தது.

மாமியார் அதிர்ச்சியடைவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். மாமியாரோ குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? ஒனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். மிதிச்சு மிதிச்சுக் குதிகால் வீங்கிக் கெடக்கு, சும்மாவா மிதிச்சேன்? வீட்டுல ஒண்ணு இப்படின்னு தெரிஞ்சா ரத்தத்துலயே இருக்கும்பாங்க. என் பொண்ண எவன் கட்டுவான்? அவ கல்யாணம் முடியட்டும். அப்புறம் எந்த டாக்டர்கிட்ட வேணும்னாலும் தூக்கிட்டு ஓடு."

"அதுக்குள்ள இவ வாய் அடைஞ்சு போயிடுமே அத்தை!"

"இந்த வீட்டுல வாய் அதிகமா இருக்கிறதுதான் இப்பப் பிரச்சன."

மருமகள் புருஷனைப் பார்த்தாள். அவன் உடனே, "இன்னொரு நாற்காலி எடுத்துட்டு வரேன்," என்று பின்பக்கப் படியில் அச்சகத்துக்கு இறங்கிப் போய்விட்டான். காலையிலிருந்து, சண்டை சூடாகும்போதெல்லாம் ஒரு நாற்காலி. வரப்போகிறவர்களைவிட நாற்காலிகள் அதிகமாகியிருந்தன.

முன்படியில் காலடிச் சத்தம். மாமியார் மருமகளையும் குழந்தையையும் சேர்த்துச் சமையலறைக்குள் தள்ளி வெளியே தாழிட்டாள். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு வாசல் கதவைத் திறந்தாள்.

மூடிய கதவில் காதை வைத்து மருமகள் கேட்டாள்.

"வாங்க, வாங்க! வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?"

"இல்லம்மா, இவங்களும் இங்கதான்னு சொன்னாங்க, கூடவே ஏறி வந்துட்டோம்." மாப்பிள்ளையின் அம்மா. "கீழ நிக்கிற வண்டி இவங்களோடதாம். உங்க வீட்டுக்கா?"

"எங்களுக்கு எதுக்கு அதெல்லாம்! டீச்சரம்மா, வீடு மாறி வந்துட்டீங்க."

ஒரு வீட்டுப் பிள்ளையின் விஷயத்தை வெளியார் முன் சொல்லக் கூடாது. அது பை டீச்சர் வேலையின் கட்டுப்பாடு. முதல் நாளே அவள் வாயால் சொன்ன வாக்கு அது. மாமியார் அதை மறக்கவில்லை.

"சரிங்க," என்றாள் டீச்சர். "படியில நிக்கிறேன். கொஞ்ச நேரம் இருப்பேன்."

நாற்காலிகள் நகர்ந்தன. வேலை, சம்பளம், வாடகை என்று பேச்சு ஓடியது. "மொதல்ல டீ குடிங்க," என்று மாமியார் சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். டீ உள்ளே இருந்தது. டீ போட்டவளும் உள்ளே இருந்தாள்.

"நான் எடுத்துட்டு வரேம்மா," என்று நாத்தனார் எழுந்தாள்.

"நீ உக்காரு! நானே—"

அதற்குள் தாழ்ப்பாள் நகர்ந்தது. கல்யாணப்பெண் சமையலறை வாசலில் நின்றாள். அண்ணியைப் பார்த்தாள், அடுப்புப் புகையில் கண் கசங்கி இருந்த குழந்தையைப் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

மருமகள் குழந்தையோடு கூடத்தைக் கடந்து நேரே வாசலுக்குப் போனாள்.

"டீச்சர், எல்லாரையும் மேல வரச் சொல்லுங்க. புள்ளைக்குக் காது கேக்கல."

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு இது?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "உங்க பேத்தியா? இத மறைச்சு வச்சுட்டா எங்ககிட்டப் பொண்ணக் குடுக்கப் பாத்தீங்க?" கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டாள்.

"ஐயோ, உக்காருங்க, உக்காருங்க," மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணும் கெடையாது. இது எல்லாம் இவ பொறந்த வீட்டுச் சொத்து. வந்தவ கொண்டு வந்தது. எம் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

படியிலிருந்து உள்ளே கால் வைத்த பை டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டாள். மருமகளுக்குத் தன் அப்பா, அம்மா, தம்பி, எல்லாருடைய காதும் கத்திபோலக் கூர்மை என்று வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் இந்தப் பேச்சுக்குத் தானும் இடம் கொடுத்ததாகிவிடும். குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சம் யோசித்தாள். கைப்பை மடிக்குத் திரும்பியது. அவளும் நாற்காலிக்குத் திரும்பினாள்.

"அப்படிச் சொல்லுங்க. வெளியில இருந்து வந்தவளோட குறைன்னா உங்க பொண்ணு என்ன பண்ணுவா, பாவம். எங்க பக்கமும் எல்லாரும் சுத்தம். நாள் பாத்துடலாம்."

மாமியார் பெண்ணின் பக்கம் திரும்பினாள். "ஏய், டீயக் குடு அத்தைக்கு."

நாத்தனார் டீயைக் கொண்டுவந்து, மாப்பிள்ளையின் அம்மா முன்னால் குனிந்து, தட்டை நீட்டினாள்.

"நாளைக்கு உங்க வீட்டுக்கு நானும் வெளியில இருந்து வந்தவதானே அத்தை. எனக்கு இப்படி ஒரு புள்ள பொறந்தா, ரெண்டு பேரையும் எந்த ரூம்ல வச்சுப் பூட்டுவீங்க?"