காய்ந்த துணிக்கு ஒரு சுற்று

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் படித்துக் குறித்துக்கொண்டு வருவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வீட்டு மாடிப்படிக்கு அடியிலும் செருப்பு அலமாரிக்குப் பின்னாலும் தலையை நுழைத்து எண்களைப் படித்ததில், எங்கள் குடியிருப்பில் எனக்கு ‘யூனிட்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. “யூனிட் வர்றாரு, லைட்டை அணைங்கடா” என்று மாடியிலிருந்து யாராவது கத்துவார்கள். அது கேலி. நான் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படித்துவிட்டுப் பேசாமல் வந்திருந்தாலும் பரவாயில்லை. கேட்காதவர்களுக்கும் யோசனை சொல்லுவேன். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது, இரண்டு சட்டைக்காக இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்காதீர்கள், இப்படி. யாராவது எதிர்த்துப் பேசினால் என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும்: “மீட்டர் பொய் சொல்லாதுங்க.” இதைச் சொல்லும்போது புருவத்தைக் கொஞ்சம் உயர்த்துவேன். கண்ணாடியில் பழகியது.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கு அந்த மழைக்காலத்தில் வந்த பில், எங்கள் கட்டடத்திலேயே பெரியது. என் முகத்தில் ஈயாடவில்லை. குற்றவாளியைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பின்பக்க பால்கனியில் வாஷிங் மெஷின் தலைமேல் உட்கார்ந்திருந்த, துணி காயவைக்கும் டிரையர்தான். எங்கள் வீட்டு விளக்குகள் எல்லாம் ஒரு வாரம் தின்பதை அது ஒரே மூச்சில் தின்றுவிடும்.

அதற்கு ஒன்றரை மாதம் முன்னால்தான் என் மாமனார் எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். முப்பத்து மூன்று வருடம் பஸ் ஓட்டியவர். மாமியார் போன பிறகு, வேலை பார்த்த டிப்போவுக்குப் பக்கத்தில் ஒரு அறையில் தனியாக இருந்தார். என் மனைவி இரண்டு வருடம் கெஞ்சி, அழுது, ஒரு மாதம் பேசாமல் இருந்து, கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தாள். அவர் வந்த அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்:

“இங்க பாருங்க, அப்பா ரோஷக்காரர். ஏதாவது மனசுல பட்டு ஒரு தடவை கிளம்பிட்டார்னா அப்புறம் நான் செத்தாலும் வரமாட்டார். உங்க வாயைக் கொஞ்சம் அடக்கி வையுங்க.”

அடக்கி வைத்தேன். வாயைத்தான். கையைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லையே.

மாமாவுக்கு அந்த டிரையர் பிடித்துப்போயிருந்தது. அது ஓடும்போது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காதைச் சாய்த்துக் கேட்பார். “ஈரத் துணின்னா தொம்மு தொம்முன்னு விழும் மாப்பிள்ளை. காஞ்சிடுச்சுன்னா பொத்தான் மட்டும் டக்கு டக்குன்னு தட்டும். இப்ப நிறுத்திடலாம்” என்பார். திறந்து பார்த்தால் சரியாகக் காய்ந்திருக்கும். ஒரு தடவைகூட அவர் தவறியதில்லை. எஞ்சின் சத்தத்திலேயே வண்டியின் நோயைச் சொன்ன காது அது.

பில் வந்த மறுநாளே டிரையரின் பிளக்கைப் பிடுங்கி, யாரும் தொடக்கூடாதென்று கறுப்பு டேப்பை ஏழு சுற்று சுற்றினேன். பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கட்டம் போட்ட தாளை ஒட்டி, தினமும் மீட்டர் படித்துக் கோடு வரைய ஆரம்பித்தேன். பழைய பில்களிலிருந்தும் புள்ளி வைத்தேன். கோடு எங்கே ஏற ஆரம்பித்தது என்பது முறைப்படி தெரிய வேண்டுமே. ஆகவே அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ‘மாமா வருகை’ என்று எழுதினேன். அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன். சத்தியமாக, தேதிக்காகத்தான். அந்தத் தாளை எழுதியவன் இன்று கையில் கிடைத்தால் நானே நாலு சாத்து சாத்துவேன்.

வீடு முழுக்கத் துணி தொங்கியது. கூடத்தில் மடக்கு ஸ்டாண்டு, கதவு மேலெல்லாம் ஹேங்கர், நாற்காலி முதுகில் துண்டு. சாப்பிட உட்கார்ந்தால் யாருடைய பாவாடையோ தலையில் ஆசீர்வாதம் செய்யும். வாஷிங் மெஷினில் இரண்டு தடவை பிழியவிடுவது, கெட்டித் துணியை ஓரத்தில் போடுவது, ஆறு மணி நேரத்துக்கொரு தடவை சட்டைகளைத் திருப்பிப் போடுவது என்று சட்டம் மேல் சட்டம் போட்டேன். எங்கள் ஊர்க் குளிருக்கு அறைக்கு அறை இருக்கும் ஹீட்டர் எதுவும் மாலை ஏழு மணிக்கு மேல் ஓடக்கூடாது என்பதும் அதில் ஒன்று.

முதலில் மாட்டியது மகள். குளியலறையில் முக்கால் மணி நேரம் ஹேர் டிரையர் ஓடும் சத்தம். கதவைத் தட்டினேன்.

“என்னம்மா, தலை இன்னும் காயலையா?”

“தலை இல்லப்பா, சாக்ஸ். மூணு நாளா ஈரம். கால்ல காளான் முளைச்சா நீதான் பறிக்கணும்.”

அடுத்து என் மனைவி. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். வெள்ளைக் கோட்டு தினமும் வேண்டும். ஒருநாள் ஈரக் கோட்டின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து ஆவி பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், “ஒரு வார்த்தை பேசினீங்க, அடுத்து உங்க மேலதான் வைப்பேன்” என்றாள். நான் ஃப்ரிட்ஜ் பக்கம் போய்த் தாளில் வரைந்த கோட்டைப் பார்த்து ஆறுதல் அடைந்தேன்.

இவ்வளவு திருட்டுத்தனத்துக்கு நடுவிலும் கோடு இறங்கியது. கொஞ்சநஞ்சமல்ல, சரசரவென்று இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. போகிற வீடுகளிலெல்லாம் என் ஸ்டாண்டு மகிமையைப் பாடினேன். ஒரு அம்மாள் கதவைச் சாத்திய பிறகும் கதவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோடு என் கணக்கைவிடக் கீழே போனபோதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில், ஒரு வீட்டு யூனிட் திடீரென்று விழுந்தால் காரணம் மூன்றுதான். வீடு பூட்டிக் கிடக்கும், மீட்டர் கெட்டிருக்கும், அல்லது எவனோ திருடுகிறான். மற்றவர் வீடாக இருந்தால் உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்திருப்பேன். என் வீடு என்பதால் நான்காவதாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தேன்: என் மூளை.

ஸ்டாண்டில் மாமாவின் துணி ஒன்றுகூட இல்லை என்பதை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்தேன். வயதானவர், வெளியே போவதில்லை, அழுக்காகாது, எவ்வளவு சிக்கனமான மனிதர் என்று பாராட்டவும் செய்தேன், மனதுக்குள். அவர் இருமியதையும் கேட்டேன். மழைக்காலம் என்றேன்.

அன்று சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. மனைவி ஒரு மணிக்கு வருவாள், மகள் வகுப்புக்குப் போயிருந்தாள். காலை பத்து மணிக்கு மாமா ஷூவெல்லாம் மாட்டிக்கொண்டு, பழைய பெட்டியோடு கூடத்துக்கு வந்தார்.

“மாப்பிள்ளை, நான் பழைய ரூமுக்கே போயிடலாம்னு இருக்கேன். பன்னெண்டு மணிக்கு வண்டி. ஒரு நாளைக்கு ஒரே வண்டிதான், அதை விட்டா அவ்வளவுதான்.”

“என்ன மாமா திடீர்னு?”

“திடீர்னு இல்ல. அங்க கூட ஓட்டினவங்க நாலு பேர் இருக்காங்க, பொழுது போகும். அவ வந்ததும் நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அழுவா.”

இந்த இடத்தில் நான் பொய் சொல்லக்கூடாது. முதலில் என் மனதில் வந்தது என் மனைவியின் முகம் அல்ல. கோடு இன்னும் கொஞ்சம் இறங்குமே என்பதுதான். அரை நொடிதான். ஆனாலும் வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு தடவை கிளம்பினால் திரும்ப வரமாட்டார்.

எதையாவது பேசி நிறுத்தலாம் என்று பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன். கல் கனம் கனத்தது. நாலு சட்டைக்கு இவ்வளவு கனமா? “இருங்க மாமா” என்று அவர் தோளில் கை வைத்தேன். கை சில்லென்று ஆனது. சட்டை ஈரம். காலருக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே பனியனும் ஈரம்.

“மழைல நனைஞ்சீங்களா?”

“இல்லையே.”

“பின்ன என்ன மாமா இது?”

அவர் மாட்டிக்கொண்ட பையனைப் போலச் சிரித்தார். “காலைல துவைச்சது. நல்லாப் பிழிஞ்சு உதறிப் போட்டுக்கிட்டா, உடம்புச் சூட்டுல மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும். எனக்குப் பழக்கம்தான்.”

“ஸ்டாண்டு இருக்கே!”

“பாப்பா யூனிஃபார்ம், அவ கோட்டு, உங்க சட்டை… அதுக்கே இடம் பத்தல. நான் வேற எதுக்கு?”

பெட்டியைத் திறந்தேன். மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தார். எல்லாம் ஈரம். ஸ்வெட்டர்கூட. அவர் அறைக்கு ஓடினேன். ஹீட்டர் பிளக் பிடுங்கப்பட்டு, வயர் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மேலே தூசி படிந்திருந்தது. குளிப்பதும் பச்சைத் தண்ணீரில்தான் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோடு ஏன் அப்படி இறங்கியது என்று அப்போதுதான் இந்த மரமண்டைக்குப் புரிந்தது. இறக்கியது என் மூளை இல்லை. ஒரு மனிதர் என் வீட்டுக்குள் மாதக்கணக்கில் நடுங்கியிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கம்தான் அதிகம்.

“மாமா, அந்தத் தாள்ல எழுதினது… அது சும்மா தேதிக்காகப் போட்டது மாமா. உங்களை மனசுல வச்சு எழுதல.”

“தெரியும் மாப்பிள்ளை, நீங்க அப்படிப்பட்ட ஆளு இல்ல.” ஃப்ரிட்ஜைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆனா கோடு ஏறியிருக்கே. மீட்டர் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒத்துக்கொண்டு சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. எதைச் சொன்னாலும் என் வாய்க்கு யூனிட், வாட் என்றுதான் வரும். ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

ஏழு சுற்று டேப்பையும் பல்லால் கடித்துப் பிய்த்தேன். பெட்டியை அப்படியே டிரையருக்குள் கவிழ்த்தேன். “போட்டிருக்கறதையும் கழட்டுங்க மாமா. ஈரத் துணியோட ரெண்டு மணி நேரம் பஸ்ல போக விட்டேன்னு தெரிஞ்சா அவ என்னைக் கொன்னுடுவா. காஞ்சதும் போங்க” என்றேன். என் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். கை நீளம் போதவில்லை. மணி பத்து இருபது.

முதல் சுற்று நாற்பது நிமிடம். தொம்மு தொம்மென்று விழுந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து காதைச் சாய்த்திருந்தார். நான் பால்கனி வாசலில் நின்றிருந்தேன். முடிந்ததும் தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரம், நிஜமாகவே. மறுபடியும் போட்டேன்.

இரண்டாவது சுற்றின் பாதியிலேயே பொத்தான்கள் தட்ட ஆரம்பித்துவிட்டன. டக்கு டக்கு. எனக்கே கேட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு எந்திரம் சீக்கிரம் வேலையை முடிக்கிறதே என்று பயந்தேன். பதினொன்று நாற்பதுக்கு மணி அடித்து நின்றது. பஸ் நிலையம் நடந்து போனால் பதினைந்து நிமிடம்.

மாமா எழுந்தார். “காஞ்சிருக்குமே மாப்பிள்ளை.”

கதவைத் திறந்து உள்ளே கையை விட்டேன். சுடச்சுட, மொறுமொறுவென்று இருந்தன. “இல்ல மாமா. ஈரம்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் காதிடம் போய் இப்படி ஒரு பொய். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்திப் பட்டனை அழுத்தினேன். காய்ந்த துணி சுற்ற ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் விளக்கணைத்த யூனிட், எதற்குமே தேவையில்லாமல் வீட்டிலேயே பெரிய சாதனத்தை ஓடவிட்டுக்கொண்டு நின்றேன். உள்ளே பொத்தான்கள் டமாரம் அடித்துக்கொண்டிருந்தன. கண்ணெதிரே மீட்டர் இருந்திருந்தால் அதன் முகத்தை மூடியிருப்பேன்.

மணி பன்னிரண்டு ஆனது. தாண்டியது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்பதைப் பார்த்தேன். பன்னிரண்டு இருபதுக்கு டிரையர் நின்றது. இனி சொல்ல என்னிடம் பொய் மிச்சமில்லை.

மாமா குனிந்து அவரே கதவைத் திறந்தார். ஒரு சட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அதைத் திரும்ப உள்ளே போட்டார்.

“காலர்ல இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு மாப்பிள்ளை. இன்னொரு சுத்து விடுங்க” என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

நான் பட்டனை அழுத்தினேன்.